காஜா பெராங் மட்டும்

ஆசிரியை தன் வருகைப் பதிவேட்டை என் மேசைமேல் வைத்துத் திறந்து, பேனா மூடியால் பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக் காட்டினார். இருபத்தொன்று. பிறகு கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் விரித்தார். அவர் தமிழ் வகுப்பு எடுக்கும் தெங்கேராப் பள்ளியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் ஆறு பேர்தான் என்றது கடிதம். தாய்மொழி வகுப்புக்குப் பதினைந்து பேராவது வேண்டும் என்பது அன்றைய விதி. ஆகவே நடப்புப் பள்ளித் தவணை முடிவோடு வகுப்பு நிறுத்தப்படும். அந்த ஆறு என்ற எண்ணிக்கை எங்கள் அலுவலகத்திலிருந்து போனது.

"எனக்கு முன்னால உட்கார்றது இருபத்தொரு பேரு சார். உங்க மெசினு ஆறுங்குது. மீதிப் பதினஞ்சும் என்ன, பேயா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. பதில் வரும்வரை போகப்போவதில்லை என்பதுபோல நாற்காலியை மட்டும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். விசாரிக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். கடிதத்தை விட்டுவிட்டுப் போனார். பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனார். எங்களை நம்பி அதை விட்டுவைக்க அவருக்கு மனமில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்தன. புதிய நாடு தன்னிடம் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் துறையின் பெயர் இங்கே தேவையில்லை. மலாக்கா ஆற்றோரம் ஒரு கடை வரிசையின் மாடியில் தலைமை அலுவலகம். காஜா பெராங், தெங்கேரா, புக்கிட் பாரு ஆகிய மூன்று இடங்களில் கிளைகள். கிளை என்றால் வாடகைக்கு எடுத்த ஒரு முன்னறை, ஒரு மேசை, கிராணி என்று நாங்கள் சொல்லும் எழுத்தர் ஒருவர். பள்ளி வயதுப் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து பன்னிரண்டு கட்டங்கள் உள்ள ஒரு படிவத்தை நிரப்பித் தர வேண்டும். ஐந்தாவது கட்டம் இனம். ஏழாவது கட்டம் தாய்மொழி. ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் ஒரு சிறு பெட்டி. அதில் கிராணி ஓர் எண்ணை எழுதுவார். மொழியென்றால் மலாய் ஒன்று, சீனம் இரண்டு, தமிழ் மூன்று, மற்றவை நான்கு. கோலாலம்பூரில் அட்டையில் துளையிட்டு எண்ணும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதற்குப் பெயர்களோ சொற்களோ தெரியாது. இந்தப் பெட்டி எண்கள் மட்டுமே தெரியும்.

மக்கள் எல்லாக் கட்டங்களையும் நிரப்புவதில்லை. இயந்திரமோ காலிப் பெட்டியை ஏற்காது. அதற்காகத்தான் நிரப்புத் தாள் என்ற ஒன்று ஒவ்வொரு மேசையிலும் இருந்தது. எந்தக் கட்டம் காலியாக இருந்தால் எந்த எண்ணைப் போடுவது என்று அதில் வரிசையாக இருக்கும். ஏழாவது கட்டம் காலி, இனம் இந்தியர் என்றால், மூன்று. இது தலைமை அலுவலகத் தாள். ஓர் ஊருக்கென்று தனி வழக்கம் இருந்தால் அந்தக் கிளைக்கு மட்டும் தனித் தாள் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு. பெற்றோர் எழுதியிருந்தால் அவர் எழுதியதே கணக்கு. எழுதாவிட்டால் கிளைத் தாள். கிளைத் தாள் இல்லையென்றால் தலைமைத் தாள். இந்த வரிசையை எனக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளே மனப்பாடம் செய்வித்தார்கள். இன்னொரு விதியும் உண்டு. புதிய தாள் வந்ததும் பழையதை அன்றே கிழித்துவிட வேண்டும். பழையதும் புதியதும் ஒரே மேசையில் இருந்தால் கிராணி குழம்பிவிடுவார் என்பது காரணம்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தில் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்தார்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் இப்படி நட என்று எல்லா இயந்திரங்களுக்கும் சொல்லும் பொதுக் கோப்பு ஒன்று இருப்பதாகவும், ஒவ்வொரு இயந்திரத்திலும் அதை மீறும் சொந்தக் கோப்பு ஒன்று இருக்கலாம் என்றும் இணைக்க வந்தவர் விளக்கினார். பழைய கோப்பை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதன் மேலேயே புதியதை எழுதிவிடுவோம் என்றார்.  அன்று மாலை என் மேசையிலிருந்த கணினியை நான் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டேன்.

ஆசிரியை போனதும் தெங்கேராப் படிவக் கட்டை அவிழ்த்தேன். அவருடைய இருபத்தொரு பிள்ளைகளின் படிவங்களும் இருந்தன. ஆறு பேரின் பெற்றோர் ஏழாவது கட்டத்தில் தமிழ் என்று எழுதியிருந்தார்கள். பதினைந்தில் கட்டம் காலி. அந்தப் பதினைந்தின் ஓரப் பெட்டியிலும் ஒன்று என்ற எண் இருந்தது. மலாய். நீல மையில், ஒரே அளவில், கோடு போட்டாற்போல நேரான பதினைந்து ஒன்றுகள்.

அந்தக் கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். திங்கள் முதல் புதன்வரையும் சனி அரை நாளும் காஜா பெராங்கிலும், வியாழன் வெள்ளி தெங்கேராவிலும் உட்காரும் கிராணியுடையது. அவர் காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியைச் சேர்ந்தவர். பெயரைப் பார்த்தால் நேற்றுத்தான் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கப்பலில் வந்து இறங்கியவர் போலிருக்கும். நெற்றியில் திருநீறு இருக்கும். வாயைத் திறந்தால் மலாய். அவர்கள் வீடுகளில் பல தலைமுறைகளாக அதுதான் பேச்சு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அலுவலகத்தில் என்னை 'இஞ்சே' என்று மலாய் மரியாதையோடுதான் கூப்பிடுவார். நானும் அப்படியே கூப்பிடுவேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது. இத்தனைக்கும் நான் குடியிருந்தது அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

தலைமை அலுவலகத்தை நடத்திய பெரிய கிராணியிடம் படிவங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பதினைந்தையும் சீட்டாட்டத்தில் இறக்குவது போல ஒவ்வொன்றாக மேசையில் போட்டார்.

"பாத்தியா தம்பி. அவனுக்குத் தமிழ் வராது. தனக்கு வராத மொழி ஊர்லயே இருக்கக் கூடாதுன்னு பாக்கறான்."

செட்டிக் கிராணி வேலையில் இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த மாதக் கடைசியோடு அவருடைய தகுதிகாண் காலம் முடியவிருந்தது. மொழிக் கணக்கென்றாலே எல்லாத் தரப்பும் கூர்ந்து பார்த்த காலம். வேண்டுமென்றே எண்ணை மாற்றினார் என்று ஒரு வரி எழுதிப் போனால் வேலை போகும்; அதன் பிறகு வேறெந்த அரசாங்க வாசலிலும் அவரை ஏற்ற மாட்டார்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மாநில அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து விசாரிப்பதாக முடிவாயிற்று. அதற்குள் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்து, பார்த்ததை எழுதித் தர வேண்டும்.

நான் அந்த வேலைக்கு ஏற்றவன் என்று பெரிய கிராணி நினைத்ததற்குக் காரணம் உண்டு. இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் மூன்று ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தேன். கடைசியில் செய்தியும் எழுதினேன். எங்கள் தலைமை அலுவலக டைப்பிஸ்ட் அக்கா என்னை 'புரூஃப் சார்' என்றுதான் கூப்பிடுவார். அலுவலகத்திலிருந்து வெளியே போகும் எந்தத் தாளும் என் கண்ணைத் தாண்டித்தான் போகும்.

திங்கட்கிழமை காஜா பெராங் கிளைக்குப் போனேன். கிளைகளின் வேலைமுறையைக் கற்றுக்கொள்ள அனுப்பியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் தலையசைத்து, எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கி என்னிடம் தந்துவிட்டு, தான் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார். நம்பவில்லை என்பதை அதைவிட மரியாதையாகக் காட்ட முடியாது.

பார்த்ததைச் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மேசையின்மேல் கண்ணாடிப் பலகை. அதற்கடியில் நிரப்புத் தாள், கறையில்லாமல். கண்ணாடியின்மேல் ஒரு சிறு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. அதில் சிவப்புப் பென்சிலில் 'காஜா பெராங் மட்டும்' என்று மலாயில். வலப்பக்க இழுப்பறை பூட்டியிருந்தது. சாவி அவருடைய சட்டைப் பையில், பேனாவோடு. இழுப்பறையில் என்ன என்று ஒருமுறை பேச்சுவாக்கில் கேட்டேன். பழைய காகிதம் என்றார். பழைய காகிதத்தைப் பூட்டி வைப்பவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.

அவருடைய கிளைக்குத் தனித் தாள் இருந்ததன் காரணத்தை அந்த மூன்று நாட்களில் கண்ணால் பார்த்தேன். செட்டிக் குடும்பங்களிலிருந்து வருபவர்கள் இனம் என்ற கட்டத்தில் தயங்காமல் இந்தியர் என்று எழுதுவார்கள். சமயம் இந்து. தாய்மொழியில் வந்ததும் பேனா நின்றுவிடும். மலாய் என்று எழுதினால் முன்னோரை மறுத்ததுபோல் இருக்கும். தமிழ் என்று எழுதினால், எங்கே பேசு பார்ப்போம் என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஆகவே காலியாக விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். அவர் அந்தக் காலிக்கு ஒன்று போடுவார். அந்தத் தெருவில் அது சரிதான். வேறு தமிழ்க் குடும்பங்கள் யாராவது வந்தால் நிறுத்தி, வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்று மலாயில் கேட்டு, அவர்கள் கையாலேயே எழுத வைத்தார். என் முன்னால் மட்டும்தான் அப்படிக் கேட்கிறாரோ என்ற சந்தேகத்தையும் குறித்துக்கொண்டேன்.

வேலை முடிந்த பிறகும் என் கண் அவர்மேலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை கோப்பிக் கடையில் இரண்டு பேரோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்; நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. புதன்கிழமை கோவில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது என்னைப் பார்த்தார். உள்ளே போகாமல், நான் தெருவைக் கடந்து மறையும்வரை நின்றார். இரண்டையும் எழுதினேன். தன்னை வேவு பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்த ஒருவர் வேறெப்படி இருப்பார் என்று எழுதவில்லை.

வியாழக்கிழமை தெங்கேரா. அங்கே மேசையில் கண்ணாடி கிடையாது. நிரப்புத் தாள் ஓர் ஆணியில் தொங்கியது. பத்து மணிவாக்கில் ஒரு தாய் வந்தார். தகப்பனுக்குத் துறைமுகப் பக்கம் வேலை, ஒரு பையன். படிவத்தை நிரப்பி நீட்டினார். ஏழாவது கட்டம் காலி. அது ஏன் என்று நான் தமிழில் கேட்டேன்.

"பாத்தாத் தெரியலையா?" என்றார். "புள்ள பேரு எழுதியிருக்கேன், அப்பா பேரு எழுதியிருக்கேன். அதையுமா எழுதணும்?"

தெரிந்ததை ஏன் எழுத வேண்டும் என்பதுதான் அந்தப் பதினைந்து வீடுகளிலும் நடந்திருக்கிறது. காஜா பெராங்கில் எழுதத் தயங்கி விட்ட காலியும் இங்கே எழுத அவசியமில்லை என்று விட்ட காலியும் படிவத்தில் ஒரே மாதிரிதான் இருந்தன.

கிராணி அந்தப் படிவத்தை வாங்கினார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு என் கண்முன்னாலேயே ஓரப் பெட்டியில் ஒன்று போட்டார்.

அந்தத் துணிச்சல் எனக்கு ஆத்திரமூட்டியது. இது காஜா பெராங் இல்லையே என்றேன். அவர் ஆணியிலிருந்து தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். தலைமை அலுவலக முத்திரையோடு, ஸ்டென்சில் என்ற மெழுகுத் தாளில் டைப்படித்து, அதை உருட்டிப் பிரதி எடுத்த தாள். ஏழாவது வரி: காலி, இந்தியர் என்றால், ஒன்று.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஆற்றோரத்திலிருந்து, அதாவது உங்களிடமிருந்து, என்றார். நான் நம்பவில்லை. தன் கிளைத் தாளை யாரையாவது பிடித்து ஸ்டென்சில் வெட்ட வைத்து, முத்திரையும் குத்தி வாங்கியிருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. அலுவலகத்திற்குள்ளேயே அவருக்கு ஆள் இருக்கிறது. சைக்கிளில் ஆற்றோரத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த ஆள் யார் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். டைப்பிஸ்ட் அக்காவிடம் வந்து நின்றது சந்தேகம்.

அவர் புக்கிட் பாருவிலிருந்து பஸ்ஸில் வருபவர். மதியத்தில் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். நிரப்புத் தாளின் ஸ்டென்சில் இருக்கிறதா என்று கேட்டேன். தாள்களைக் கிழிக்கச் சொன்னவர்கள் ஸ்டென்சிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எல்லாம் பெட்டியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, அலமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். இதை அடிக்கச் சொல்லி யார் கொடுத்தது என்று கேட்டேன். என் குரலில் விசாரணை இருந்திருக்க வேண்டும்.

"என்னா புரூஃப் சார், என்னையே கேக்கிறீங்க? நீங்கதானே கொண்டாந்து குடுத்தீங்க."

உறையின்மேல் தேதி இருந்தது. கொடுத்தவர் என்ற இடத்தில் என் சுருக்கொப்பம். சரிபார்த்தவர் என்ற இடத்திலும் என் சுருக்கொப்பம்.

நினைவு வர அதிக நேரம் ஆகவில்லை. சில மாதங்களுக்கு முன் பழைய ஸ்டென்சில் கிழிந்துவிட்டது. புதிதாக வெட்ட நல்ல பிரதி ஒன்று வேண்டும். தலைமை அலுவலகத் தாளில் கோப்பி சிந்தி எண்கள் அழிந்திருந்தன. தெங்கேராத் தாள் மழையில் நனைந்து போயிருந்தது. அன்று காலை வேலைக்கு வரும் வழியில் காஜா பெராங் கிளையில் எட்டிப் பார்த்தேன். கிராணி வீட்டு விசேஷத்துக்கு விடுப்பில் போயிருந்தார். பியூன் கண்ணாடியைத் தூக்கிக் கொடுத்தார். அடியிலிருந்து தாளை உருவி எடுத்துக்கொண்டேன். சுத்தமான தாள். சிவப்புப் பென்சில் துண்டு கண்ணாடியோடு கண்ணாடியாக மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அவருடைய கிளைத் தாளில் தலைமைத் தாளுக்கு மாறாக இருந்தது ஒரே ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரிக்காக முழுத் தாளையும் மறுபடி அடித்திருந்தார்கள். அந்தத் துண்டு இல்லாமல் பார்த்தால் அதுவும் தலைமைத் தாள் மாதிரியே இருக்கும். டைப்பிஸ்ட் அக்கா அடித்துக் கொடுத்ததும் அளவுகோலை வைத்து வரிவரியாக இறக்கி இரண்டையும் ஒப்பிட்டேன். ஓர் எழுத்துப் பிழை இல்லை. அன்று அதை அவரிடம் பாராட்டிச் சொன்னதுகூட நினைவிருக்கிறது. மெய்ப்புப் பார்ப்பவனுக்கு மூலம்தான் வேதம். மூலமே வேறோர் ஊருடையது என்று அளவுகோல் சொல்லாது. உருட்டி எடுத்த தாள்களை மூன்று கிளைகளுக்கும் அனுப்பிவிட்டு, உருவியதை மறுநாள் கண்ணாடிக்கடியில் சொருகிவிட்டேன். தலைமை அலுவலகத்தின் பழைய தாளை விதிப்படி நானே கிழித்தேன்.

அப்படியானால் புக்கிட் பாருவிலும் இதே தவறு நடந்திருக்க வேண்டும். அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். காலிகள் எல்லாவற்றிலும் மூன்று. அந்தக் கிளையின் கிராணி புதிய தாளை வாங்கி மாட்டினாரே தவிர, அதைப் படிக்கவே இல்லை. பழக்கத்தில் இருந்ததையே போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வந்த தாளைப் படித்து அதன்படி நடந்தவர் மலாக்காவிலேயே ஒருவர்தான். அவர்மேல்தான் விசாரணை.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு நாள் அந்த உறை என் மேசையில் கிடந்தது. அது தொலைந்தால் யாருக்கும் தெரியாது. டைப்பிஸ்ட் அக்காவுக்குத் தெரியும். அவர் என் மேசையைக் கடக்கும்போதெல்லாம் உறை இருக்கிறதா என்று பார்ப்பதாக எனக்குப் பட்டது. உண்மையில் பார்த்தாரா என்று இன்றுவரை தெரியாது.

சனிக்கிழமை மதியம், விசாரணைக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், உறையை எடுத்துக்கொண்டு காஜா பெராங்குக்குப் போனேன். அவர் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். உள்ளே வந்து உறையை மேசைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்தார்.

உள்ளே நிரப்புத் தாள்கள். கிளை தொடங்கிய நாளிலிருந்து வந்த ஒவ்வொன்றும் இருந்தது. ஒவ்வொன்றின் பின்பக்கமும் வந்த தேதி, அனுப்பியவர் யார், எந்த வரி மாறியது என்று அதே நேரான எழுத்தில். கிழித்திருக்க வேண்டிய தாள்கள். மேலே இருந்ததன் பின்பக்கம் என் பதவியும் ஸ்டென்சில் வெட்டிய வாரத்துப் புதன்கிழமையின் தேதியும் இருந்தன. ஏழாவது வரி மாறியது என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

அப்படியானால் முதலிலேயே உங்களுக்குத் தெரியும், ஏன் கேட்கவில்லை என்றேன். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"கேட்டிருந்தால், உனக்கென்ன தமிழ்மேல் அக்கறை, நீ பேசுவதே இல்லையே என்றிருப்பீர்கள். இப்போது உனக்கென்ன தமிழ்மேல் பகை என்கிறீர்கள். முத்திரையோடு வந்த தாள் இஞ்சே. எனக்கு அது ஒரு பொறி மாதிரித்தான் தெரிந்தது. பொறியில் கை வைக்காமல் தாளின்படி நடந்தேன்."

இந்தத் தாள்களைக் காட்டினால் அவர் சொல்வது நிரூபணமாகிவிடும் என்றேன். அவர் இழுப்பறையைச் சாத்தினார். கிழிக்க வேண்டியதைக் கிழிக்காமல் ஒளித்து வைத்தார் என்ற குற்றமே தகுதிகாண் காலத்தில் இருப்பவரை வெளியே அனுப்பப் போதும் என்றார். பெரிய கிராணி அதற்காகக் காத்திருப்பார் என்பது எனக்கும் தெரிந்ததுதான். பிறகு எதற்காகச் சேர்த்து வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"மாறியது என்று சொல்ல வேறு யாரும் இருக்க மாட்டார்கள்" என்றார்.

சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, நான் கொண்டுவந்த உறையை என் பக்கம் தள்ளினார். இதை நீங்களே எடுத்துப் போங்கள், என் அறையில் இருந்தால் நான் திருடியதாகும் என்றார். நான் அதை ஒரு வாரம் பத்திரமாக வைத்திருப்பேன் என்று அவர் நம்பியதாகத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் விட்டார்.

விசாரணை சனிக்கிழமை காலை பெரிய கிராணியின் அறையில் நடந்தது. வந்திருந்த அதிகாரி அதிகம் பேசாதவர். முதலில் பதினைந்து படிவங்களையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்ததைச் சொல்லச் சொன்னார். என் குறிப்பேட்டில் பூட்டிய இழுப்பறையும் கோப்பிக் கடையும் கோவில் வாசலும் இருந்தன. அதை நான் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்த அறிக்கையையும் ஸ்டென்சில் உறையையும் மேசைமேல் வைத்தேன். தவறான தாளை மூலமாக எடுத்தவன் நான், ஒப்பிட்டவன் நான், மூன்று கிளைகளுக்கும் அனுப்பியவன் நான், தெங்கேராக் கிராணி தனக்கு வந்த உத்தரவின்படி நடந்தார் என்று நான்கு வரி.

பெரிய கிராணி அதை இரண்டு தரம் படித்தார். "இவன் உனக்கு என்னா வேணும் தம்பி? ரெண்டு பேருக்கும் ஒரே பக்கம்தானே வீடு?"

ஒரே பக்கம்தான் என்றேன். ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்ததில் செட்டி இவனைக் கவிழ்த்துவிட்டான் என்று அவர் அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி உறையை வெளிச்சத்தில் பிடித்துச் சுருக்கொப்பத்தைப் பார்த்தார். பிறகு செட்டிக் கிராணியிடம் திரும்பி, இந்தத் தாள் உங்கள் கைக்கு எந்தத் தேதியில் வந்தது என்று மலாயில் கேட்டார்.

அவருக்கு அந்தத் தேதி தெரியும். சரியாகச் சொன்னால், மாதக்கணக்கில் கழித்து எப்படி அவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்ற கேள்வி வரும். கேள்வியின் மறுமுனையில் இழுப்பறை இருந்தது. தெரியாது என்று சொன்னால் பொய் சொல்பவர் போலிருக்கும். அவர் வாயைத் திறக்கவில்லை. அறையில் இருந்தவர்களில் அந்த மௌனத்தின் காரணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தேதி உறையின்மேல் இருக்கிறது, ஐயா, டைப்பிஸ்ட் எழுதியது, அதே வாரத்தில்தான் அனுப்பினோம் என்றேன். அதிகாரி உறையைத் திருப்பித் தேதியைப் படித்தார். டைப்பிஸ்ட் அக்காவைக் கூப்பிட்டு, கையெழுத்து உன்னுடையதா என்று கேட்டார். அவர் ஆமாம் என்றார். யார் கொடுத்தது என்று கேட்டதற்கு என்னைச் சுட்டிக் காட்டினார். அதோடு விசாரணை முடிந்தது. இழுப்பறையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவர் நிரந்தரமானார். கடிதம் மட்டும் மூன்று மாதம் தாமதமாக வந்தது. ஏன் தாமதம் என்று பெரிய கிராணிக்குத்தான் தெரியும். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். மெய்ப்புப் பார்க்கும் மேசையிலிருந்து எடுத்து, கிளைகளுக்குத் தபால் கொண்டுபோகும் வேலையில் போட்டார்கள். தெங்கேராப் படிவங்களில் பதினைந்து ஒன்றுகளையும் அடித்து மூன்று போட்டோம். ஆசிரியையின் வகுப்பு நின்றுபோகவில்லை. திருத்திய பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் அதைத் தன் பதிவேட்டோடு வைத்து ஒவ்வொரு பெயராக மறுபடி எண்ணிய பிறகே கையெழுத்துப் போட்டார்.

புதிய நிரப்புத் தாளில், எந்த இடத்துக்கு என்பதை அந்தந்த வரியிலேயே எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதன் பிறகு காஜா பெராங் கிளைக்கு எந்தத் தாளைக் கொண்டுபோனாலும் நடப்பது ஒன்றுதான். அவர் எழுந்து நாற்காலி தருவார். தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படிப்பார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். எந்த இடத்துக்கு என்று கேட்பார். தாளிலேயே இருந்தாலும் கேட்பார். நான் வாயால் சொன்னால் போதாது. அவர் நீட்டும் பேனாவால் பின்பக்கம் எழுதி, சுருக்கொப்பம் போட வேண்டும். பிறகு கண்ணாடியைத் தூக்கிப் பழைய தாளை எடுத்து, என் முன்னாலேயே இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டுவார்.

என்னிடமிருந்த தபால் பதிவேட்டில் கடைசிக் கட்டம், பழைய தாள் கிழிக்கப்பட்டதா என்பது. அதில் நான் ஆம் என்று எழுதுவேன். அவர் தான் உட்கார்ந்திருக்கும் பெட்டியிலிருந்து எழுந்து வந்து, என் தோளுக்கு மேலாக எட்டி, ஆம் என்றுதான் எழுதியிருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போய் உட்காருவார்.